வாங்குபவரின் தர்மம்

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தின் பீர்மேடு வட்டத்தில், குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனை செல்லும் மலைச்சாலையில் அமைந்துள்ள சிற்றூர் ஏலப்பாறை. ஊரின் பெயரிலேயே ஏலம் மணக்கிறது. சுற்றிலும் தேயிலைச் சரிவுகள். அவற்றுக்கு அப்பால், மரநிழலில் ஏலத் தோட்டங்கள். தேயிலை பறிப்பதற்காகப் பல தலைமுறைகளுக்கு முன் மலையேறி வந்த தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இங்குள்ள லயங்களில் வாழ்கின்றனர்.

இத்தகைய மலைக் கடைவீதி ஒன்றில் உள்ள சிறிய இயற்கை உணவுக் கடையை வாசகர் மனக்கண் முன் கொண்டுவரட்டும். அலமாரியில் கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், பனைவெல்லம், மலைத்தேன், தேயிலை. முன்பலகையில் இரண்டு கண்ணாடிச் சாடிகளில் ஏலக்காய். ஒன்றில் உள்ளவை பருத்து, பச்சைப்பசேலென்று, ஒரு மாசுமின்றி இருக்கின்றன. மற்றொன்றில் உள்ளவை சற்றுச் சிறியவை, நிறம் வெளிறியவை, தோலில் பழுப்புத் தழும்புகள் உள்ளவை. ஆனால் விலை இதற்குத்தான் அதிகம்.

தேனியிலிருந்து உறவினர் வீட்டிற்கு வந்த ஓர் அம்மையார் வியப்புடன் கேட்கிறார்: "என்ன அண்ணாச்சி, சொறி விழுந்த காய்க்கு விலை கூட, நல்ல காய்க்கு விலை குறைவா? கணக்கு தலைகீழாக இருக்கிறதே!"

கடைக்காரர் சொல்கிறார்: "அந்தத் தழும்பு பூச்சி கடித்த இடம், அக்கா. இது மருந்து அடிக்காத தோட்டத்துக் காய். அந்தப் பச்சைக்குப் பின்னால் எத்தனை தடவை மருந்து அடித்தார்கள் என்று காய் சொல்லாது."

அம்மையார் இரண்டு சாடிகளையும் மாறி மாறிப் பார்த்தபடி நிற்கிறார். அந்த ஒரு நிமிடத் தயக்கத்தில் ஒரு பெரிய தர்ம விசாரம் அடங்கியிருக்கிறது. விலையைக் கொடுத்துப் பொருளைப் பெற்றுக்கொண்டதும் வாங்குபவரின் கடமை முடிந்துவிடுகிறதா? அல்லது அந்தப் பொருள் உருவான வழியிலும் அவருக்குப் பங்கு உண்டா?

அழகுக்குக் கொடுக்கும் விலை

ஏலச்செடி இயல்பில் காட்டுச் செடி. மழையும் ஈரமும் மரநிழலும் நிறைந்த மேற்குத் தொடர்ச்சி மலைகளே அதன் தாயகம். அதன் பூக்களில் மகரந்தச் சேர்க்கை பெரும்பாலும் தேனீக்களாலேயே நடைபெறுகிறது. தேனீ வராவிட்டால் காய் பிடிப்பது குறைந்துவிடும். காய்கள் ஒரே சமயத்தில் முற்றுவதில்லை. ஆதலால் சில வாரங்களுக்கு ஒருமுறை எனப் பல சுற்றுகளாக அவற்றைப் பறிக்கவேண்டும். பறித்த பச்சைக் காய்கள் ஏறத்தாழ ஐந்து கிலோவை உலர்த்தினால் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். இவ்வளவும் கையால் செய்யும் வேலை. பெரும்பாலும் பெண்களின் வேலை.

இச்செடியைத் தாக்கும் பூச்சிகளுள் முக்கியமானது இலைப்பேன். கண்ணுக்கு எளிதில் புலப்படாத இச்சிறு பூச்சி, பூங்கொத்திலும் இளங்காயிலும் சாற்றை உறிஞ்சுகிறது. காய் வளர வளர, அந்தக் காயம் தக்கைபோல் தடித்துத் தழும்பாகிறது. இலேசான தழும்பு தோலின் குறை மட்டுமே. ஆயினும் சந்தையில் ஏலக்காயைத் தரம் பிரிப்பது பருமன், பச்சை நிறம், எடை, மாசின்மை ஆகியவற்றைக் கொண்டுதான். புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடைபெறும் ஏலத்தில் தழும்புள்ள காய்க்கு விலை குறைந்துவிடும். எனவே விவசாயி தழும்பு விழாமலிருக்க மருந்து அடிக்கிறார். பூச்சி மருந்துக்குப் பழகப் பழக, மீண்டும் மீண்டும் அடிக்கிறார். காயைத் துளைக்கும் புழுவிற்காக வேறு மருந்தையும் அடிக்கிறார்.

இச்சங்கிலியை மறுமுனையிலிருந்து பார்க்கவேண்டும். விவசாயி ஏன் மருந்து அடிக்கிறார்? வியாபாரி மாசற்ற காயைக் கேட்பதால். வியாபாரி ஏன் அதைக் கேட்கிறார்? கடையில் நிற்பவர் மாசற்ற பச்சைக் காயையே கைநீட்டி எடுப்பதால். பாயசத்தில் இடித்துப் போடப்போகும் காய்க்குத் தோலின் அழகினால் யாதொரு பயனும் இல்லை. இருந்தும் அந்த அழகை விரும்பும் கண்ணின் ஆசை, மலை மீது கைத்தெளிப்பானைச் சுமந்து நிற்கும் தொழிலாளியின் மூச்சில் போய் முடிகிறது. பூவைத் தேடி வந்த தேனீயின் மீதும் அதே மருந்து விழுகிறது. மழையில் கரைந்து ஓடைக்குள் இறங்குவதும் அதுவே.

2023 ஜனவரியில் இக்கேள்வி சபரிமலைச் சந்நிதிக்கே வந்து சேர்ந்தது. அரவணைப் பிரசாதத்தில் சேர்க்கப்பட்ட ஏலக்காயில் பூச்சிமருந்தின் எச்சம் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் இருப்பதாக ஆய்வறிக்கை வந்தது. அந்த ஏலக்காய் சேர்ந்த அரவணையை விநியோகிக்கக் கேரள உயர்நீதிமன்றம் தடை விதித்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் முடங்கின. ஏலக்காய் சேர்க்காமலேயே அரவணை தயாரித்து வழங்கவேண்டியதாயிற்று. பின்னர் 2024 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. சட்ட அளவில் வழக்கு முடிந்தது. ஆனால், பிரசாதத்தை உண்ணும் பக்தருக்குத் தீங்கு உண்டா என்றே அப்போது அனைவரும் கேட்டனர். அந்தக் காயை விளைவித்தவருக்கு நேர்ந்தது என்ன என்ற கேள்வியைக் கேட்டவர் அரிது.

உடல்நல உணவை நாடுபவருக்கும் இது பொருந்தும். 'என் உடலில் நஞ்சு சேரக்கூடாது' என்பது நியாயமான விருப்பம்; ஆனால் அது தன்னலத்தின் எல்லையை இன்னும் தாண்டவில்லை. 'என் பொருட்டு எவர் உடலிலும் நஞ்சு சேரக்கூடாது' என்று அவ்விருப்பம் விரியும்போதுதான் கடையில் வாங்குவது தர்மத்தின் துறைக்குள் நுழைகிறது.

செய்தது, செய்வித்தது, உடன்பட்டது

வாங்குபவருக்குப் பொறுப்பு உண்டா என்ற வினா புதியதன்று. திருவள்ளுவர் புலால் மறுத்தல் அதிகாரத்தின் 256-ஆம் குறளில் இதையே எடுத்துக்கொள்கிறார். 'கொன்றவன் வேறு ஒருவன். விலைக்கு வாங்கி உண்பதில் என்ன குற்றம்?' என்று கேட்பவருக்கு அவர் தரும் விடை எளிமையானது: உண்பதற்காக உலகத்தார் நாடாவிட்டால், விலைக்காக விற்பவரும் இருக்கமாட்டார். தேவையே தொழிலைத் தோற்றுவிக்கிறது. ஆதலால் தேவை உள்ளவரும் அத்தொழிலின் ஓர் உறுப்பே. மனுஸ்மிருதியும் கொலைக்கு அனுமதி தருபவர், கொல்பவர், துண்டிப்பவர், வாங்குபவர், விற்பவர், சமைப்பவர், பரிமாறுபவர், உண்பவர் ஆகிய எண்மரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது.

இதற்குத் தத்துவ நுட்பத்துடன் வடிவம் தந்தவர் பதஞ்சலி முனிவர். யோக சூத்திரத்தின் சாதன பாதத்தில், யமங்களுக்கு எதிரான ஹிம்சை முதலியவற்றை அவர் மூவகையாகப் பிரிக்கிறார்: தானே செய்தது க்ருதம்; பிறரைக் கொண்டு செய்வித்தது காரிதம்; பிறர் செய்ததற்கு உடன்பட்டது அனுமோதிதம். இம்மூன்றுக்கும் பின்னே பேராசை, சினம், மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று நிற்கிறது என்றும், ஒவ்வொன்றும் மென்மை, நடுத்தரம், தீவிரம் என்ற அளவுகளை உடையது என்றும் அவர் கூறுகிறார்.

கடையில் நீட்டப்படும் பணத்தை இவ்வளவுகோலால் அளந்து பார்க்கலாம். பணம் வெறும் நன்றி அன்று. அது ஓர் ஆணை. 'இதேபோல் மீண்டும் செய்' என்று அது தயாரிப்பாளருக்குச் சொல்கிறது. தெரிந்தே வாங்கும்போது அது காரிதத்தை நெருங்குகிறது. தெரிந்துகொள்ள விரும்பாமல் வாங்கும்போது அனுமோதிதமாகிறது. மலிவு என்ற ஒன்றையே நோக்கினால் அதற்கு வேர் பேராசை. 'எனக்கென்ன தெரியும்' என்று இருந்தால் வேர் மயக்கம். அதே சமயம் மென்மை, நடுத்தரம், தீவிரம் என்ற பாகுபாட்டையும் மறக்கலாகாது. கொடுமை செய்தவரும் அறியாமல் வாங்கியவரும் ஒரே நிலையில் நிற்பவர் அல்லர். பொறுப்பு உண்டு, ஆனால் அதற்கு அளவும் உண்டு.

இரண்டு ஆட்சேபங்கள்

இங்கே இரண்டு ஆட்சேபங்கள் எழுவது இயல்பு. முதலாவது: 'ஒருவர் வாங்காவிட்டால் உலகம் மாறிவிடுமா?'

1791-ல் அடிமை வாணிபத்தை ஒழிப்பதற்கான மசோதாவை இங்கிலாந்தின் பாராளுமன்றம் நிராகரித்தது. வாக்குரிமை இல்லாத எளிய மக்களால் என்ன செய்ய இயலும்? அடிமைகளின் உழைப்பால் மேற்கிந்தியத் தீவுகளில் விளைந்த சர்க்கரையை வாங்குவதை அவர்கள் நிறுத்தினர். ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் அச்சர்க்கரையைக் கைவிட்டதாக அவ்வியக்கத்தின் தலைவர்களுள் ஒருவரான தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். வீட்டுக்கு வேண்டியதை வாங்கிய பெண்கள் இதில் முன்னணியில் நின்றனர். அமெரிக்காவில் பெஞ்சமின் லண்டி என்பவர், அடிமை உழைப்பு கலவாத பொருள்களை மட்டுமே விற்கும் ஒரு கடையை 1826-ல் பால்டிமோர் நகரில் திறந்தார். அறவழிக் கடைகளின் மூதாதைகளுள் அதுவும் ஒன்று. பிரிட்டன் 1807-ல் அடிமை வாணிபத்தையும், 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தன் குடியேற்ற நாடுகள் பெரும்பாலானவற்றில் அடிமை முறையையும் ஒழித்தது. சர்க்கரையைத் துறந்தவர்களால் மட்டுமே இது நிகழ்ந்தது என்று சொல்ல இயலாது. ஆனால் சட்டம் மாறுவதற்கு முன் மக்கள் மனம் மாறியது. அம்மாற்றம் தேநீர்க் கோப்பையில் தொடங்கியது.

இந்த வரலாற்றுக்கு ஒரு கசப்பான பின்னுரையும் உண்டு. அடிமை முறை ஒழிந்த அதே காலத்தில், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய முதலாளிகள் ஒப்பந்தக் கூலிகளை நாடினர். தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து மொரீஷியஸுக்கும் பிற தீவுகளுக்கும் கப்பலேறியவர்கள் எத்தனையோ பேர். கங்காணிகளின் பின்னே இலங்கைக்கும் கேரள மலைகளுக்கும் நடந்தவர்களும் அதே ஏழைகளே. ஒரு தீமை ஒழிந்த இடத்தில் மற்றொன்று வேறு பெயருடன் நுழைந்தது. ஆகவே வாங்குபவரின் விழிப்பு ஒருமுறை செய்து முடிக்கும் காரியமன்று. அது நாள்தோறும் செய்யவேண்டிய சாதனை.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலுவானது: 'எங்கோ நடப்பது வாங்குபவருக்கு எப்படித் தெரியும்?' காசர்கோடு மாவட்டத்தில் முந்திரித் தோட்டங்களின் மீது இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்து வானிலிருந்து தெளிக்கப்பட்டது. அங்குள்ள கிராமங்களில் குழந்தைகள் ஊனத்துடனும் நோயுடனும் பிறந்தபோது, தொலைவில் முந்திரிப் பருப்பை உண்டவர் எவரும் அதை அறியவில்லை. 2011-ல்தான் உச்சநீதிமன்றம் நாடு முழுவதும் அம்மருந்துக்குத் தடை விதித்தது. அறியாமல் உண்டவரைக் குற்றவாளி என்று சொல்வது நியாயமன்று. எனினும் இதிலிருந்து ஒரு படிப்பினை கிடைக்கிறது: பொருளுக்கும் வாங்குபவருக்கும் இடையே தூரம் அதிகரிக்க அதிகரிக்க, தீமை எளிதில் மறைந்துகொள்கிறது. எனவே தூரத்தைக் குறைப்பதும், தூரத்தைக் குறைக்க இயலாதபோது கேள்வி கேட்பதும் வாங்குபவரின் கடமையாகின்றன.

குமரப்பாவின் கணக்கு

இத்தூரத்தைப் பற்றி ஆழமாகச் சிந்தித்த தமிழர் ஜே. சி. குமரப்பா. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். இலண்டனில் கணக்காய்வாளராகப் பயிற்சி பெற்றவர். அமெரிக்காவில் பொருளாதாரம் பயின்றவர். காந்தியடிகளைச் சந்தித்தபின் மேல்நாட்டு உடையையும் வருமானத்தையும் துறந்தார். 1934 டிசம்பரில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் வார்தாவில் தொடங்கப்பட்டபோது அதன் செயலாளரானார். கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், பனைவெல்லம், தேன் ஆகியவற்றையே அச்சங்கம் ஊக்குவித்தது. இன்றைய உடல்நல உணவுக் கடையின் அலமாரியில் நிற்கும் பொருள்கள் இவையே! ஆனால் அன்று இவை உண்பவரின் உடல்நலத்துக்காக மட்டும் முன்வைக்கப்படவில்லை. உரலும் செக்கும் பனையும் நின்றுபோனதால் பிழைப்பை இழந்த கிராமத்தாரின் கைகளுக்கு வேலை தருவதும் அதே அளவுக்கு நோக்கமாக இருந்தது. இன்று முதல் பாதி நினைவில் நிற்கிறது. இரண்டாம் பாதி மறந்துவிட்டது.

கணக்காய்வாளர் ஒருவர் பேரேட்டின் ஒவ்வொரு பதிவையும் அதன் மூலம்வரை தேடிச் செல்வதுபோல், ஒரு கோப்பை கோகோவையும் அதன் மூலம்வரை தேடிச் செல்லவேண்டும் என்றார் குமரப்பா. அது எங்கே விளைந்தது, எத்தகைய உழைப்பால் விளைந்தது, எந்த ஆதிக்கத்தின் துணையுடன் கடல் கடந்து வந்தது என்று கேட்டால், அருந்துபவர் தம் கோப்பையில் பலருடைய கண்ணீரைக் காண்பார். பொருளுக்கு விலைமதிப்பு மட்டுமன்றி அறமதிப்பும் உண்டு. வாங்குபவர் இரண்டையும் சேர்த்தே வாங்குகிறார் என்பதே அவரது கருத்தின் சாரம். இதனாலேயே வாங்குபவர் கண்காணிக்கக்கூடிய தொலைவில் பொருள் உருவாவது நல்லது என்று அவர் வாதிட்டார்.

விலையைப் பற்றிய துணிவும் அக்காலத்தவர்க்கு இருந்தது. 1935-ல் காந்தியடிகளின் வற்புறுத்தலால் அகில இந்திய சர்க்கா சங்கம், நூற்போருக்கு வாழ்க்கை நடத்தப் போதுமான கூலி கிடைக்கவேண்டும் என்ற கொள்கையை ஏற்றது. அதனால் கதரின் விலை உயரும், விற்பனை குறையலாம் என்பது அனைவருக்கும் தெரிந்ததே. விலை மலிவாக இருந்து நூற்பவள் பட்டினி கிடப்பதைக் காட்டிலும், விலை உயர்ந்து அவள் உண்பதே கதரின் தர்மம் என்று காந்தியடிகள் கருதினார்.

துறப்பது மட்டும் போதாது

இனி ஏலப்பாறையின் தேயிலைச் சரிவுகளுக்குத் திரும்பலாம். தீய வழியில் உருவான பொருளைத் துறப்பதே வாங்குபவரின் தர்மம் என்று எண்ணினால், இம்மலைகள் ஓர் எச்சரிக்கை தருகின்றன. 1990-களின் இறுதியில் தேயிலை விலை சரிந்தது. 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் பீர்மேடு வட்டாரத்தில் பல தோட்டங்கள் மூடப்பட்டன அல்லது கைவிடப்பட்டன. கூலியும் பணிக்கொடையும் நிலுவையில் நிற்க, தொழிலாளர் குடும்பங்கள் ஒழுகும் லயங்களில் பட்டினியுடன் போராடின. பறிக்கப்படாத தேயிலைச் செடிகள் மரங்களாக வளர்ந்தன. பிழைப்பு தேடிப் பலர் மலையிறங்கினர்.

விலை மிகவும் சரிந்தபோது முதலில் விழுந்தவர் முதலாளி அல்லர், பறிக்கும் பெண்ணே. ஆகவே வாங்குபவரின் கடமை 'இதை வாங்கமாட்டேன்' என்பதுடன் நின்றுவிடலாகாது. 'எதை வாங்கினால், எந்த விலைக்கு வாங்கினால் விளைவித்தவர் வாழ்வார்?' என்பதே முழுமையான கேள்வி.

இக்கேள்விக்கு இதே மலைகளில் ஒரு விடை தேடப்பட்டது. 1980-ல் தொடங்கப்பட்ட பீர்மேடு வளர்ச்சிச் சங்கம் என்ற தொண்டு நிறுவனம், சிறு விவசாயிகளையும் பழங்குடியினரையும் ஒருங்கிணைத்து, மிளகு, ஏலம், தேயிலை முதலியவற்றை இரசாயனமின்றி விளைவிக்கவும், அவற்றை நேரடியாகச் சந்தைக்குக் கொண்டு செல்லவும் துணைநின்றது. உலக அளவில் இதே நோக்குடன் 1988-ல் நெதர்லாந்தில் 'மாக்ஸ் ஹாவலார்' என்ற நியாய வணிக முத்திரை தோன்றியது. சந்தை விலை சரிந்தாலும் விளைவித்தவருக்கு ஒரு குறைந்தபட்ச விலையும், அவரது சமூகத்தின் பொதுநலத்துக்கென ஒரு கூடுதல் தொகையும் அளிப்பது அம்முறையின் அடிப்படை.

துலாதாரனின் தராசு

கடையையும் தர்மத்தையும் இணைக்கும் மிகச் சிறந்த கதை மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் உள்ளது. ஜாஜலி என்ற தவசி மரக்கட்டைபோல் அசையாது நின்று தவம் செய்தார். அவரது சடைமுடியில் ஒரு பறவைத் தம்பதி கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரித்தன. குஞ்சுகள் வளர்ந்து பறந்து போகும்வரை அவர் அசையவில்லை. 'தர்மத்தை அடைந்துவிட்டேன்!' என்று அவர் ஆர்ப்பரித்தபோது, காசியில் வாழும் துலாதாரன் என்ற வணிகனுக்கு அவர் ஈடாகமாட்டார் என்று வானில் ஒரு குரல் எழுந்தது.

வியப்புற்ற ஜாஜலி காசிக்குச் சென்றார். அங்கே துலாதாரன் தன் கடையில் வாசனைப் பொருள்களும் மூலிகைகளும் சாறுகளும் விற்றுக்கொண்டிருந்தான். அவன் மதுவை விற்பதில்லை. பொருள்களைப் பிறரிடமிருந்து வஞ்சனையின்றி வாங்கி, வஞ்சனையின்றி விற்றான். தன் தராசு எல்லா உயிர்களுக்கும் சமமாக நிற்கிறது என்றான். எந்த உயிருக்கும் துரோகம் செய்யாமலும், அது இயலாதபோது மிகக் குறைந்த துரோகத்துடனும் நடத்தும் வாழ்க்கையே உயர்ந்த தர்மம் என்பது அவன் தவசிக்கு அளித்த உபதேசம்.

இவ்வுபதேசத்தின் இரண்டாம் பகுதி ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. துரோகமே இல்லாத வாழ்வு என்ற இலட்சியத்தை வைத்துவிட்டு, 'அல்ப துரோகம்' என்ற நடைமுறையையும் அவன் சேர்த்தே வைக்கிறான். மாசு சிறிதும் இல்லாத பொருள் இவ்வுலகில் அரிது. இயற்கை முறையில் விளைந்த ஏலக்காயை உலர்த்தவும் பெரும்பாலும் விறகு வேண்டும். அதைக் கொண்டுவர லாரி வேண்டும். 'முழுமை இயலாது, ஆகவே முயற்சி வீண்' என்று சொல்வது சோம்பலின் தர்க்கம். 'முழுமை இயலாது, ஆகவே இயன்றவரை குறைப்போம்' என்பது தர்மத்தின் தர்க்கம்.

இரண்டு பொறிகள்

இவ்வழியில் நடப்பவர் விழக்கூடிய பொறிகள் இரண்டு. முதலாவது, முத்திரையை மட்டும் நம்புவது. இந்தியாவில் 2001 முதல் நடைமுறையில் உள்ள தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தின்கீழ் சான்று நிறுவனங்கள் தோட்டங்களைச் சோதிக்கின்றன. விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் சோதிக்கும் பங்கேற்பு முறையும் உண்டு. 2017-ல் 'ஜைவிக் பாரத்' என்ற பொது முத்திரை அறிமுகமானது. இவை யாவும் பயனுள்ளவையே. ஆனால் இவை சோதிப்பது மண்ணையும் மருந்தையும். பறித்தவளுக்குக் கிடைத்த கூலியை அன்று. சான்றுக்குச் செலவிட இயலாத நேர்மையான சிறு விவசாயியும் இருப்பார். ஆகவே முத்திரை விசாரணையின் தொடக்கமே அன்றி முடிவன்று.

இரண்டாவது பொறி நுட்பமானது, அது அகங்காரம். 'நான் தூய்மையானதை உண்கிறேன்' என்ற எண்ணம், மலிவான பொருளை வாங்கும் அண்டை வீட்டாரைத் தாழ்வாக நோக்கச் செய்யும். நாட்கூலியில் குடும்பம் நடத்தும் ஒருவர் விலை குறைந்ததை வாங்குவது பேராசை அன்று, வறுமை. பொறுப்பு ஆற்றலுக்கு ஏற்ப அமைவது; தெரிவு செய்யும் வசதி எவருக்கு அதிகமோ அவருக்கே கடமையும் அதிகம். ஜாஜலியின் தவத்தில் குறை இல்லை. அதை எண்ணி ஆர்ப்பரித்ததில்தான் குறை இருந்தது.

நடைமுறைச் சாதனை

அன்றாட வாழ்வில் இதை எவ்வாறு கடைப்பிடிப்பது? ஐந்து பழக்கங்கள் உதவும்.

முதலாவது, குறைவாக வாங்குவது. அபரிக்ரஹம் யமங்களுள் ஒன்று. தேவையற்ற பத்துப் பொருள்களை இயற்கை முத்திரையுடன் வாங்குவதைவிட, தேவையான ஒன்றை மட்டும் வாங்குவது மேல். நல்ல பொருளின் கூடுதல் விலையை ஈடுகட்டும் எளிய வழியும் இதுவே.

இரண்டாவது, கேட்பது. 'இது எங்கே விளைந்தது? யார் கொண்டுவந்தார்?' என்ற இரண்டு கேள்விகளைக் கடைக்காரரிடம் மரியாதையுடன் கேட்டால் போதும். விடை தெரிந்த கடைக்காரர் மகிழ்வார்; தெரியாதவர் அடுத்த முறை விசாரித்து வைப்பார்.

மூன்றாவது, அழகின்மையை ஏற்பது. தழும்புள்ள காயையும், வளைந்த கத்தரியையும், நிறம் மங்கிய வெல்லத்தையும் வாங்க ஒருவர் முன்வரும்போது, மலைமீது ஒருமுறை மருந்து குறைகிறது.

நான்காவது, நியாயமான விலையில் பேரம் பேசாதிருப்பது. பெரிய அங்காடியில் அச்சிட்ட விலையை வாய்திறவாமல் கொடுப்பவர், தெருவோரக் கீரைக்காரியிடம் இரண்டு ரூபாய்க்கு வாதிடுவதுண்டு. எளியவரிடம் காட்டும் கணக்குத் திறமை சிக்கனம் அன்று.

ஐந்தாவது, பையையும் பாத்திரத்தையும் உடன் கொண்டு செல்வது. தமிழகம் 2019 முதலும் கேரளம் 2020 முதலும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை விதித்துள்ளன. சட்டத்திற்கு அஞ்சி அன்றி, நீரோடையை எண்ணி எடுத்துச் செல்லும் துணிப்பை ஒரு சிறு விரதமாகும்.

அந்தக் கடையில் அம்மையார் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். தழும்புள்ள ஒரு காயை எடுத்து உடைக்கிறார். கருத்த அரிசியை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்க்கிறார். பிறகு சொல்கிறார்: "நூறு கிராம் வாங்கலாம் என்றுதான் வந்தேன். இதில் ஐம்பது கிராம் போடுங்கள், அண்ணாச்சி. பாயசத்துக்கு நாலு காய் போதாதா?"

தராசின் ஒரு தட்டில் ஏலக்காய் விழுகிறது. மறுதட்டில் படிக்கல் இருக்கிறது. ஆனால் அங்கே நிறுக்கப்படுவது ஏலக்காய் மட்டுமன்று. காயைப் பறித்த கையும், பூவில் அமர்ந்த தேனீயும், அடிவாரத்தில் ஓடும் நீரும், வாங்கியவரின் மனமும் அத்தட்டில் சேர்ந்தே நிறுக்கப்படுகின்றன. முள் நடுவில் நிற்கவேண்டும் என்று விரும்புபவருக்குக் கடைவீதியும் ஒரு தவச்சாலையே.

சிந்தனைக்கு

1. சென்ற வாரம் வாங்கிய பொருள்களுள் ஒன்றை எடுத்துக்கொள்க. அது விளைந்த இடம்வரை அதன் வழியைத் தேடிச் செல்ல முடிகிறதா? எந்த இடத்தில் வழி மறைகிறது?

2. க்ருதம், காரிதம், அனுமோதிதம் ஆகிய மூன்றனுள் அன்றாடக் கொள்முதல்கள் எதில் அடங்குகின்றன? அவற்றின் பின்னே நிற்பது பேராசையா, மயக்கமா, இயலாமையா?

3. தீமை கலந்த ஒரு பொருளைத் துறப்பதால் அதை விளைவிக்கும் ஏழைக்குத் துன்பம் நேருமானால், துலாதாரனின் 'அல்ப துரோகம்' என்ற அளவுகோல் எவ்வாறு வழிகாட்டும்?

4. இயற்கை உணவை நாடுவதில் உடல்நல விருப்பம் எவ்வளவு, பிறர் நல விருப்பம் எவ்வளவு? இரண்டாவதை வளர்க்க இந்த மாதம் செய்யக்கூடிய ஒரு செயல் எது?